மறைகுறிப்பும் பலபொருள் ஒருசொல்லும்

குறுக்கெழுத்துப் புதிரை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமோ என்னும் ஐயம், இக்கட்டுரையைத் தொடங்கும் அளவிலேயே சிலர்க்கு எழலாம். பிசியைச் செய்யுளியலுள் வைத்து இலக்கணம் கூறிய தொல்காப்பியர்க்கு அத்தகைய ஐயம் எழவில்லை என்பதை மட்டும் நினைவூட்டி மேற்செல்வோம். எம்மை இப்பொருளின்பால் ஈர்த்தது பொழுதுபோக்கு விருப்பம் அன்று, ஒரு வழக்கு. ஒருவர் புதிர் ஒன்றை இயற்றுகிறார், மற்றொருவர் விடுவிக்கிறார். விடுவித்தவர் கண்ட விடை குறிப்பின் ஒவ்வொரு சொல்லோடும் பொருந்துகிறது. கட்டத்திலும் பிழையின்றி அமைகிறது. ஆயினும் இயற்றியவர் கருதிய விடை அஃது அன்று. இருவருள் எவர் பக்கம் நியாயம்? இவ்வினா புதிர்க்கு மட்டும் உரியதன்று. சிதைந்த ஏட்டில் எழுத்தை ஊகித்துப் பாடம் துணிவோர்க்கும், ஒரு பாட்டுக்கு இரண்டு உரை கண்டவிடத்து ஒன்றைத் தேர்வோர்க்கும் நாள்தோறும் எதிர்ப்படும் வினா அது. புதிரில் அது சிறிய அளவினதாய், எல்லை தெளிந்து நிற்றலின் ஆராய்தற்கு எளிது.

ஈண்டு யாம் கருதுவது அகராதிப் பொருளைக் கொடுத்துச் சொல்லைக் கேட்கும் நேர்க்குறிப்புப் புதிரை அன்று. இங்கிலாந்தில் வளர்ந்த மறைகுறிப்புப் புதிரை. லிவர்பூலிற் பிறந்த ஆர்தர் வின் என்பார் 1913 டிசம்பர் 21-ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' செய்தித்தாளில் சாய்சதுர வடிவில் வெளியிட்ட புதிரே முதற் குறுக்கெழுத்து என்பர். அதன் குறிப்புக்கள் நேரியன. 1920-களில் இவ்விளையாட்டு இங்கிலாந்து புக்கபின் குறிப்பு வேறோர் உருவம் கொண்டது. ஒரு முனையில் விடையின் பொருள் நிற்கும்; மறுமுனையில் அவ்விடையின் எழுத்துக்களை ஆக்கிக் கொள்ளும் வழி நிற்கும்; இரண்டும் இணைந்த இடம் தெரியாவண்ணம் பொருந்தி, மேலோட்டமாகப் படிப்போர்க்கு முற்றிலும் வேறான ஒரு செய்தியைக் கூறுவன போலத் தோன்றும்.

ஆங்கிலக் குறிப்புக்களைத் தமிழிற் பெயர்ப்பின் அவற்றின் உயிர் நீங்கிவிடும். ஆதலின் யாமே அமைத்த சிலவற்றால் இதனை விளக்குவோம். 'கவிதையுள் ஒளிந்து முளைப்பது' என்பது ஒரு குறிப்பு. விடைக்கு இரண்டு எழுத்து. படித்த அளவில் ஏதோ கவிதைக் கொள்கை பேசுவது போல் இருக்கிறது. கவிதை என்னும் சொல்லையே கண்ணால் நோக்கினால், அதனுள் 'விதை' ஒளிந்திருத்தல் புலனாகும், முளைப்பதும் அதுவே. 'சோலையைப் பரப்பும் ஆறு' என்பது மற்றொன்று, மூன்று எழுத்து. சோலை என்பதற்குக் 'கா' என்றும், பரப்பு என்பதற்கு 'விரி' என்றும் கொண்டு 'காவிரி' என விடை காண்க. இதில் ஆறு என்னும் சொல் ஆற்றையும் வழியையும் எண்ணையும் குறித்தலின், விடுவிப்போன் எண்களின் பின்னே சிறிது நேரம் அலையக் கூடும். அங்ஙனம் அலைய விடுதல் இயற்றுவோனின் உரிமை. அவ்வுரிமையின் எல்லை யாது என்பதே நூறாண்டாக அந்நாட்டில் நிகழும் வழக்கின் சாரம்.

மறைகுறிப்புக்களால் மட்டுமே புதிர் யாத்தவருள் முதல்வராகக் கருதப்படுபவர் எட்வர்டு பாவிசு மாதர்சு. 'டார்க்கிமாடா' என்னும் புனைபெயரில் 1926 முதல் 1939-இல் இறக்கும் வரையில் 'அப்சர்வர்' இதழில் எழுதிவந்தார். ஸ்பெயின் நாட்டுச் சமயக் கொடுமன்றத் தலைவர் ஒருவர் பெயரைத் தம் பெயராகக் கொண்டதிலிருந்தே அவர் வாசகரை எங்ஙனம் நடத்தக் கருதினார் என்பது விளங்கும். பில்கணன் பெயரால் வழங்கும் சௌரபஞ்சாசிகையை ஆங்கிலக் கவிதையாக்கி 1919-இல் வெளியிட்டவரும் இவரே. பாரதிதாசனின் புரட்சிக்கவிக்கு மூலமான பில்கணன் கதையோடு தொடர்புடைய நூல் அது என்பதை நம்மவர் அறிவர். டார்க்கிமாடாவின் குறிப்புக்களில் புலமை மிகுதி; வரம்பு குறைவு. வரம்பு வகுத்தவர்கள் பின்வந்த இருவர். 'அஃப்ரிட்' என்னும் புனைபெயருடைய ரிச்சி என்பார் 1949-இல் வெளியிட்ட தம் புதிர்த் தொகுதியில், புதிர் இயற்றுவோன் தான் சொல்லுவதைக் கருதியாக வேண்டுவதில்லை, ஆனால் தான் கருதுவதைச் சொல்லியாக வேண்டும் என்னும் கருத்துப்பட ஒரு நெறி கூறினார். 'ஜிமெனிசு' என்னும் பெயரில் 1939 முதல் 1971 வரை 'அப்சர்வர்' புதிரை எழுதிய மெக்நட் என்பார் இந்நெறியை விரித்து 1966-இல் தனிநூலே இயற்றினார். அவர் ஒரு பள்ளியில் கிரேக்க இலத்தீன் மொழிகள் கற்பித்த ஆசிரியர். வாசகர் எழுதி அனுப்பிய குறிப்புக்களைத் தரம் பிரித்து, இன்ன சொல் மிகை, இன்ன சொல் பொருந்தாது என்று அவர் அச்சிட்டு விடுத்த சிற்றறிக்கைகள், ஒருவகையில், உரைகாரர் செய்யும் பணியையே செய்தன.

நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலும், மயங்க வைத்தலும், நின்று பயன் இன்மையும் ஜிமெனிசு கடிந்த குற்றங்களோடு ஒத்து நிற்றலைக் காணலாம். ஆங்கிலேயர் நன்னூல் கற்று இவ்விதி வகுத்தனர் என்பது எம் கருத்தன்று. சொல்லைக் கருவியாகக் கொண்ட எவரும் ஓரிடத்தில் இவ்விதியை வந்தடைவர் என்பதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நூல் செய்வோனுக்கு மயங்க வைத்தல் குற்றம். புதிர் செய்வோனுக்கு அதுவே தொழில். ஆகவே அஃப்ரிட்டின் நெறியை நம் வழக்கில் இவ்வாறு கூறலாம்: மயக்கம் வழியில் இருக்கலாம், விடையில் இருத்தல் ஆகாது.

விடையில் மயக்கம் நிற்றல் என்பது யாது? எம் துறை முதுகலை மாணவரிடம் ஒரு குறிப்பைக் கொடுத்தோம்: 'ஈசனை விளி திருப்பிப் படி', இரண்டு எழுத்து. ஈசனை விளித்தால் 'சிவா'. படி என்பது 'வாசி'. ஒன்று மற்றதன் திருப்பம் என்பது சித்தர் நெறியினர் அறிந்த செய்தி. இங்குத் 'திருப்பி' என்னும் எச்சம் முன்னதைத் தழுவினால், சிவா என்பதைத் திருப்ப 'வாசி' விடையாகும். பின்னதைத் தழுவினால், வாசி என்பதைத் திருப்பச் 'சிவா' விடையாகும். மாணவர் இரு பிரிவாயினர். இவ்வகைக் குறிப்பு ஆங்கிலப் புதிர்களில் நெடுநாளாக இகழப்படுவது. திருப்பத்தைக் குறிக்கும் சொல்லை இரண்டு பொருளுக்கும் இடையே நிறுத்தினால், எதைத் திருப்புவது என்பது ஆங்கிலத்தில் தெளியாது. அம்மொழிப் பெயர்ச்சொற்கு வேற்றுமை உருபு இல்லாமையே காரணம். தமிழில் இதனை ஓர் உருபால் தீர்த்துவிடலாம். 'ஈசன் விளியைத் திருப்பினால் படி' என்க, விடை வாசியே. 'படிப்பதைத் திருப்பின் ஈசன் விளி' என்க, விடை சிவாவே. உருபு தொக்கவிடத்து மயக்கம் மீண்டும் புகும். மயங்கும் தொகைகள் இரண்டு முதல் ஏழு வரை பொருள்படும் என்று நன்னூலார் எண்ணிக் கூறினமையை இவ்விடத்து நினைக்க. தமிழில் மறைகுறிப்பு எழுதப் புகுவோர் தொகைகளையே பெரிதும் பயன்கொள்வர். அவர்க்கு நேரும் பிழைகளும் அவற்றாலேயே நேரும்.

பலபொருள் ஒருசொல் ஓரிடத்தில் இன்ன பொருளது என்பது மூன்றனால் தெளியப்படும் என்றார் தொல்காப்பியர்: அது கொண்டு முடியும் வினை, அதனோடு நிற்கும் இனம், அது வழங்கும் சார்பு. 'மா' பூத்தது எனின் மரம். மருதோடு சேர்த்துக் கூறின் அப்போதும் மரம். கவசம் பூண்டு நிற்பவன் 'மா' கொணர்க எனின் குதிரை. இவ்வாறு உரைகாரர் விளக்குவர். வினையால் வேறுபடாத சொல்லாயின், கருதியதைக் கூறுவோனே தெரித்துச் சொல்லுதல் வேண்டும் என்பதும் அவ்வியலிலேயே வருகின்றது. அஃப்ரிட்டின் நெறிக்கு இதனினும் அணுக்கமான ஒன்றை யாம் வேறெங்கும் கண்டிலேம்.

புதிரில் இம்மூன்றும் எவ்வாறு நிற்கின்றன? குறிப்பின் இலக்கண அமைதி வினையின் இடத்தது. இனம் என்பது கட்டத்தில் வெட்டிச் செல்லும் விடை. சிவாவோ வாசியோ என்னும் வழக்கு, முதற்கட்டத்தை வெட்டும் சொல்லால் 'சி' கிடைத்த நொடியே தீர்ந்துவிடும். ஏட்டுச் சுவடி பதிப்பிப்போர்க்கு எதுகை இவ்வுதவியையே செய்கிறது. புள்ளி இன்றியும், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வேறுபாடின்றியும் எழுதப்பட்ட ஏட்டில், இரண்டாம் எழுத்து யாதென ஐயுறுமிடத்து, அடுத்த அடியின் இரண்டாம் எழுத்து வந்து சான்று பகரும். எதுகையை யாப்பின் அழகு என்று மட்டும் கருதுவோர் இப்பயனை மறந்துவிடுகின்றனர். மற்றும் ஒன்று: ஆங்கிலக் கட்டத்தில் ஓரிடத்தில் நிற்கக்கூடிய எழுத்து 26-இல் ஒன்று, தமிழ்க் கட்டத்தில் 247-இல் ஒன்று. ஆகவே தமிழில் ஓர் எழுத்துக் கிடைத்தால் பெரும்பாலும் சொல்லே கிடைத்தது போலாம். கட்டம் அமைப்பது கடினம். அமைந்துவிட்டால் மயக்கம் குறைவு.

இனிச் சார்பு. ஈண்டுதான் பொதுப்பொருட் புதிர் வருகின்றது. கருப்பொருட் புதிர் என்று கூறவே முதலில் எண்ணினோம். அகத்திணையில் அச்சொல் வேறு பொருட்டாதலின் விடுத்தோம். ஒரு புதிரின் விடைகள் பல ஓரினத்தனவாய் அமைவதும், அவற்றிற் சிலவற்றுக்குக் குறிப்பே இல்லாது, 'இவை ஒரு பொருள் பற்றியன' என்னும் முன்னுரை மட்டும் இருப்பதும் இவ்வகையின் இயல்பு. 1930-இல் தொடங்கிய 'லிஸனர்' இதழின் புதிர் வரிசை இதற்குப் பெயர்பெற்றது. அதன் முதற் புதிரே இசை பற்றியது. அவ்விதழ் 1991-இல் நின்றபின் புதிர் மட்டும் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் குடிபெயர்ந்தது. சாதாரணப் புதிரில் சார்பு முன்னரே அறியப்பட்டது: உலக வழக்கும் அகராதியும். பொதுப்பொருட் புதிரிலோ சார்பே மறைக்கப்பட்டிருக்கிறது. சில விடைகளைக் கொண்டு பொதுப்பொருளை ஊகிக்கிறோம். ஊகித்த பொதுப்பொருளைக் கொண்டு எஞ்சிய விடைகளைத் துணிகிறோம். தெளிவிக்க வேண்டியதே தெளிவிக்கப்பட வேண்டியதாகவும் நிற்கும் இவ்வட்டத்தில்தான் மயக்கம் வேரூன்றுகிறது. வேறு சான்றில்லாத ஒரு புலவரின் காலத்தைப் பாட்டால் துணிந்து, துணிந்த காலத்தால் அப்பாட்டுக்குப் பொருள் காணும் முறையை நம் துறையிலும் கண்டிருக்கிறோம்.

சார்பு எத்துணை வலிமையுடையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'அராகேரியா' என்னும் புனைபெயரில் 'கார்டியன்' நாளிதழில் எழுதிவந்த ஜான் கிரஹாம் கிறித்தவக் குருவானவர். வாசகரால் பெரிதும் போற்றப்பட்டவர். 2013 சனவரியில், தம் 91-ஆம் அகவையில், அவர் வெளியிட்ட புதிரின் முன்னுரை, இன்ன எண்ணுக்குரிய விடை தமக்கு உளது, அது இன்ன எண்ணுக்குரிய இடத்தில் உளது, இன்ன எண்களால் மருத்துவம் நிகழ்கிறது என்று எண்களாலேயே பேசிற்று. விடுவித்தவர்க்கே செய்தி புலப்பட்டது: புற்றுநோய், உணவுக்குழல், நோவு தணிக்கும் பராமரிப்பு. ஆங்கிலத்தில் புற்றுநோயைக் குறிக்கும் சொல் கடக இராசிக்கும் பெயர். அச்சொல்லைத் தனியே பெற்ற ஒருவர் வான்மீன்களைப் பற்றிய புதிர் என்று தொடங்கியிருக்கலாம்; உணவுக்குழல் என்னும் விடை வந்து சேர்ந்ததும் விண்மீன்கள் மறைந்து ஒரு முதியவரின் உடல் தோன்றும். அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார். ஜிமெனிசின் விதிகளுக்குத் தம்மை முற்றும் உட்படுத்திக் கொள்ளாதவர் இவர் என்பது குறிக்கத்தக்கது. ஆயினும் அன்றைய புதிரில் ஒரு விடை இரண்டுபட்டிருப்பின், இழுக்குற்றது விதி மட்டுமா? வாசகர் ஒருவர் தம் நண்பரைப் பற்றிய செய்தியைத் தவறாக அறிந்திருப்பார். தெரித்து மொழிதல் விளையாட்டு ஒழுக்கம் மட்டும் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி எமக்கு நேர்ந்த இழுக்கைக் கூறுகின்றோம். முன்கூறிய மாணவர்க்காகச் சிறியதொரு பொதுப்பொருட் புதிர் அமைத்தோம். 'நான்கு விடைகளுக்குக் குறிப்பில்லை. அவை ஓரினத்தன' என்பது முன்னுரை. வெட்டும் சொற்களால் மூன்று எளிதிற் கிடைத்தன: பாலை, குறிஞ்சி, மருதம். நான்காவது நான்கு எழுத்துச் சொல். அதன் மூன்றாம் எழுத்தை மட்டுமே வேறொரு சொல் வெட்டிற்று. யாம் கருதிய விடை நெய்தல். மாணவருட் பெரும்பாலார் அதனையே எழுதினர். ஒருவர் மட்டும் 'செவ்வழி' என்று எழுதிக் கொணர்ந்தார். பாலை, குறிஞ்சி, மருதம், செவ்வழி என்பன நாற்பெரும்பண் அல்லவோ என்றார். மூன்றாம் எழுத்தை வெட்டும் சொல்லுக்கு யாம் கொடுத்திருந்த குறிப்பு 'தாமரையோடு காணப்படுவது' என்பது. யாம் கருதியது 'தண்டு'. அவர் எழுதியது 'வண்டு'. நெய்தலின் மூன்றாம் எழுத்துத் தகரம். செவ்வழியின் மூன்றாம் எழுத்து வகரம். கட்டம் அவர்க்கும் இசைந்து நின்றது. தாமரைக் குறிப்பு மறைகுறிப்பும் அன்று. சோம்பலால் விட்ட நேர்க்குறிப்பு என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். மறைகுறிப்பாயின் எழுத்தாக்கும் வழி ஒன்று உடனிருந்து தண்டையோ வண்டையோ உறுதிப்படுத்தியிருக்கும். மறைகுறிப்பு நேர்க்குறிப்பினும் கடினமானது என்று பலரும் எண்ணுவர். நேர்மையில் அதுவே மேம்பட்டது, விடைக்கு இரண்டு சான்று தருதலால்.

நெய்தல் எழுதியோர் தம் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ் கற்றார் எவர்க்கும் குறிஞ்சி, மருதம் என்ற அளவில் திணையே முன்வரும், பண் பின்வரும். வழக்கு மிகுதியுடையதே சார்பு என்றனர். ஓரினத்தன என்றதன்றி அவ்வினம் முழுமையும் என்று முன்னுரை கூறவில்லை; ஐந்து திணையுள் நான்கைக் கொள்ளுதல் எங்ஙனம் பிழையாகும் என்றும் வினவினர். இரண்டாம் வாதம் வலியது போலத் தோன்றுகிறது. செவ்வழி எழுதிய மாணவர் அதற்குக் கூறிய மறுமொழி எம்மை வாய்மூடச் செய்தது. திணை ஐந்தனுள் ஒன்றை ஒழித்து நான்கைக் கூறுவோன் எதனை ஒழிப்பான்? தொல்காப்பியர் நிலம் பகுத்தபோது பாலையை ஒழித்து ஏனை நான்குக்கும் நிலம் கூறினார். ஆகவே நான்கு எனின் முல்லை முதலிய நான்கே மரபு. இங்கோ பாலை நிற்கிறது, முல்லை இல்லை. முல்லையை ஒழித்துப் பாலையை வைத்த நான்கு, திணை வரிசையில் எங்கும் இல்லாத நான்கு. பண் வரிசையிலோ அதுவே நிறைந்த நான்கு.

ஒரு தொடர் பலபொருட்கு இடந்தரின் அவற்றுள் நல்லதைக் கொள்க என்பது மரபியலிற் கூறப்படும் உத்திகளுள் ஒன்று. நல்லது எது என்பதற்கு இனிய பொருள், அறம் பயக்கும் பொருள் எனப் பலரும் பலவாறு உரைப்பர். புதிர் இதற்கு ஒரு கடுமையான அளவுகோல் தருகிறது: எந்த விடையால் ஒன்றும் எஞ்சாதோ, ஒன்றும் குறையாதோ, அதுவே நல்லது. நெய்தலால் முல்லை வெளியே நின்று 'எம்மை ஏன் விடுத்தாய்' என்று கேட்கிறது. செவ்வழியால் கேட்பார் எவரும் இல்லை. யாம் கருதியது நெய்தல்; யாம் சொல்லியது செவ்வழி. இயற்றியவன் கருத்தே முடிவு எனின் மாணவர் தோற்றார். இயற்றப்பட்டதே முடிவு எனின் யாம் தோற்றோம். யாம் தோற்றோம் என்றே எழுதிக் கொடுத்தோம்.

புதிர் இயற்றுவோனைக் குயவனாகக் கொண்டு, மண் குயவனை வினவலாமோ என்பாரும் உளர். இயற்றியோன் கருத்தை முடிந்த முடிபாகக் கொள்வதன் இடர் 1944-இல் வெளிப்பட்டது. நார்மண்டிப் படையிறக்கத்துக்கு முந்திய வாரங்களில், யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெரி, நெப்டியூன் என அதன் மறைபெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக 'டெய்லி டெலிகிராப்' புதிர் விடைகளில் தோன்றின. இயற்றிய லெனர்டு டா என்னும் பள்ளித் தலைமையாசிரியரை உளவுத்துறையினர் வினவினர். தாம் ஒன்றும் கருதியதில்லை என்றார் அவர். அவர்மேல் குற்றம் காணப்படவில்லை. 1984-இல், அவர் மாணாக்கராயிருந்த ஒருவர், கட்டம் நிரப்பச் சொற்கள் தருமாறு ஆசிரியர் சிறுவரைக் கேட்பது வழக்கம் என்றும், படைவீரர் வாயிற் கேட்ட சொற்களைத் தாம் புகுத்தியதாகவும் கூறினார். அக்கூற்றை அவ்வாறே ஏற்பின், கட்டத்தில் ஒரு பொதுப்பொருள் இருந்தது. இயற்றியவர் அதனை அறியார். சொல் கொடுத்த சிறுவன் அதன் பயனை அறியான். படித்த காவலர் மட்டும் அறிந்தனர். கருத்தைத் தேடி எவர் நெஞ்சிற் புகுவது?

இதற்கு நேர்மாறாக, இரண்டு விடையும் கருதியே வைக்கப்பட்ட புதிர் ஒன்று அமெரிக்காவில் வந்தது. அது மறைகுறிப்புப் புதிர் அன்று. அந்நாட்டு வழக்கின்படி நேர்க்குறிப்புப் புதிர். 1996 நவம்பர் 5 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நாள். அன்றைய 'நியூயார்க் டைம்ஸ்' புதிரின் நடுவரிசையில், மறுநாள் செய்தித்தாளின் தலைப்பைக் கேட்டிருந்தார் கணிதப் பேராசிரியர் ஜெரமையா பேரல். கிளின்டன் தேர்ந்தெடுக்கப்பட்டார் என எழுதினாலும் பொருந்தும். பாப் டோல் தேர்ந்தெடுக்கப்பட்டார் என எழுதினாலும் பொருந்தும். ஆங்கிலத்தில் இரு பெயரும் ஏழெழுத்து. அவ்வேழையும் வெட்டும் ஏழு சொற்களும் இருவிடையன. ஆவிகளின் இரவென்று அந்நாட்டார் கொண்டாடும் நாளோடு தொடர்புடைய கரிய விலங்கு எது என்பதற்குப் பூனையும் ஆம், வௌவாலும் ஆம். ஆங்கிலத்தில் அவை முதலெழுத்தால் மட்டும் வேறுபடுவன. தையற்பொருட் கடையில் வாங்குவது நூலும் ஆம், கெசத் துணியும் ஆம். அவை ஈற்றெழுத்தால் வேறுபடுவன. செய்தித்தாள் முடிவை முன்கூட்டியே தீர்ப்பிட்டுவிட்டது என்று சினந்து வாசகர் பலர் தொலைபேசியில் முறையிட்டனர் என்று புதிர்ப் பகுதியின் ஆசிரியர் வில் ஷார்ட்சு பின்னர் எடுத்துரைத்தார். முறையிட்டோர் தாம் கண்ட விடை ஒன்றே விடை என்று நம்பினர்; மற்றொன்று அதனடியில் மூச்சுவிட்டுக் கொண்டிருந்ததை அறிந்திலர்.

எம் புதிரும் இதுவும் புறத்தோற்றத்தில் ஒன்றே: நடுவே இரண்டுபட்ட விடை, அதனை வெட்டும் இரண்டுபட்ட சொல். எம்முடையது வழு, பேரலுடையது இரட்டுற மொழிதல். வேறுபாடு எதனால்? அவர் கருதினார், யாம் கருதவில்லை என்று விடையிறுப்பின், இயற்றியோன் கருத்தை வாயில் வழியே வெளியேற்றிச் சாளரத்தின் வழியே மீண்டும் அழைத்தவராவோம். கருத்தை நாடாமலே வேறுபாட்டைக் காட்டலாம் என்பது எம் துணிபு. ஏழு இடத்தும் தவறாமல் இரண்டுபடுதல் தற்செயலால் நிகழாது. அது பனுவலிலேயே கண்கூடு. அன்றியும் முடிவு அறியப்படாத தேர்தல் நாள் என்னும் சார்பு இரண்டு விடையையும் ஒருங்கே வேண்டி நிற்கிறது. ஒன்றை நீக்கின் புதிர் குறைவுபடும். எம் கட்டத்திலோ நெய்தலை நீக்கினால் ஒன்றும் குறைவதில்லை. சிலேடைப் பாட்டுக்கும் மயங்க வைத்த பாட்டுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே எனின், இரண்டாம் பொருள் ஓரிரு சொல்லில் மட்டும் ஒட்டி ஏனைய சொற்களில் ஒட்டாது நிற்கும் பாட்டுக்களைச் சிலேடை என்று கொண்டு உரை வரைந்த இடங்கள் மறுபடி நோக்கற்பாலன. அவற்றுட் சில புலவர் செய்த இரட்டுறல் அல்ல, உரைகாரர் ஏற்றியவை என்று கருத இடமுண்டு. தனித்தனியே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லும் இருபாற்படுகிறதா எனக் கட்டம் நிரப்புவது போலச் சோதித்தல் வேண்டும்.

எம் புதிரைத் திருத்தி வைத்திருக்கின்றோம். பாலையை நீக்கி முல்லையைப் புகுத்தினோம். தாமரைக் குறிப்பை எடுத்துவிட்டுத் தண்டுக்கு மறைகுறிப்பே எழுதினோம். செவ்வழி கண்ட மாணவரிடம் அதனை மீண்டும் கொடுத்தபோது நான்கு விடையையும் நிரப்பித் தந்துவிட்டு, முன்னைய புதிரே நன்றாயிருந்தது என்றார்.